வேடர் வரம்பு

கண்ணப்ப நாயனார் வேட்டைக்குப் புறப்படும் பகுதியைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் ஓரிடத்தைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவர். யானைக் கன்றை அவ்வேடர் தொடரார்; சிறு குருளைகளைக் கொல்லார்; கருவுற்றுத் தளர்ந்த பிணையை வருத்தார் எனச் சேக்கிழார் கூறும் இடம் அது. அடியாரின் அன்பைக் காணும் ஆர்வத்திலே வேடரின் அறத்தைக் காணாது விடுகின்றோம். நாளைக்கும் காடு இருக்கவேண்டும் என்று எண்ணிய குலத்தாரன்றி வேறெவர் இத்தகைய வரம்பை வகுப்பர்?

அக்குலம் ஏட்டோடு ஒழிந்ததன்று. கிளிவெட்டியிலிருந்து தெற்கே வெருகலுக்குச் செல்வோர் அவர்களின் அயலிலேயே செல்கின்றனர். மூதூர், வெருகல், வாகரைப் பகுதிகளில் வாழும் கரையோர வேடருக்குத் தமிழே பேச்சுமொழி. 1911இல் வேடரைப் பற்றி நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர் இவர்களைப் பற்றியும் அதில் எழுதினர். மீன்பிடி, தேனெடுத்தல், சேனைப்பயிர் என்பன இவர்தம் பழந்தொழில்கள். சேனை என்பது நம் குறிஞ்சிப் பாட்டுகளிலே வரும் புனமேயாகும். ஒரு துண்டு நிலத்தை வெட்டி எரித்து, சில போகம் விதைத்து, பின் பல்லாண்டு காட்டுக்கே திருப்பிவிடுதல் அதன் முறை. அவ்விடைக்காலத்திலே மரமும் மண்ணின் உரமும் மீளும். நிலம் சுருங்கி, விடுகாலம் குறைந்துவிட்டால் அதே சேனை காட்டைக் கெடுக்கும் என்பதும் மெய்யே. ஆனால் நிலத்தைச் சுருக்கியவர் வேடர் அல்லர்.

1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனஞ் செய்யப்பட்டபோது தம்பானை வேடரின் வேட்டைக்காடு அதனுள் அடங்கிற்று. வேட்டையும் தேனெடுத்தலும் குற்றமாயின. குடும்பங்கள் பல புதுக் குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தன; முதியவர் திசாஹாமி பெயர மறுத்தார். மனிதரை வெளியேற்றினாற்றான் காடு பிழைக்கும் என்பது அக்காலத்து எண்ணம். பின் நிகழ்ந்ததைப் பாருங்கள். இறம்பக்கன் ஓயாக் காட்டைச் சோளப் பயிருக்காக அழித்தபோது, 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியவர்களுள் அத்திசாஹாமியின் மைந்தர், வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவும் ஒருவர். காட்டுக்குப் பகையென ஒதுக்கப்பட்ட குலமே காட்டுக்காக வழக்காடியது!

2007இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பழங்குடியினர் உரிமைப் பிரகடனம், தம் நிலத்தையும் சூழலையும் பேணும் உரிமையை அவர்க்கு அளிக்கின்றது. இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆகவே, நம் பகுதியிலே காட்டெல்லைக் கல் நடுமுன், கரையோர வேடரின் முதியோரை அழைத்து, எந்த மடு கோடையில் வற்றாது, எந்தக் காடு எத்தனை ஆண்டு ஓய்ந்தது என்று கேட்டெழுதுவது அதிகாரிகளின் கடன். கேட்பதற்குரிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

அதிகாரிகளை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. பல்லாண்டுகளுக்கு முன், வள்ளி திருமணப் பாடத்தின் நடுவே குழப்படி செய்த மாணவன் ஒருவனை, “வேடனைப் போல நிற்கின்றாயே!” என்று கடிந்தோம். அவன் சிரித்தான். பின்வாங்கிலிருந்த வேறொரு பிள்ளை தலைகுனிந்தான். அவன் எக்குடியினன் என்பதைப் பின்னரே அறிந்தோம். தினைப்புனங் காத்த வள்ளியை அன்று அரைமணி நேரம் புகழ்ந்திருந்தோம்.