ஞாயிற்றுக்கிழமை 120... திங்கட்கிழமை 3!

ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டில் காலை நாலு மணிக்கு அலாரம் அலறும். யாரும் ரயிலுக்குப் போகவில்லை. யாருக்கும் பரீட்சையும் இல்லை. என் வீட்டுக்காரர் சைக்கிள் விடக் கிளம்புகிறார், அவ்வளவுதான்!

தலையில் ஹெல்மெட். முன்னால் ஒரு லைட், பின்னால் மினுக் மினுக்கென்று சிவப்பாக இன்னொன்று. ரெண்டு பாட்டில் தண்ணீர். முதுகுப் பக்கத்துப் பையில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும். வல்லக்கோட்டை முருகனுக்குத் தெருவில் நின்றபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனால், மத்தியானம் ஒரு மணிக்குத்தான் ஆளைப் பார்க்க முடியும். கூடவே ஆபீஸ் சிநேகிதர்கள் நாலைந்து பேர். மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர். போன வழியில் திரும்பாமல் ஒரு பெரிய வட்டம்.

அந்த வட்டத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது உண்மையிலேயே அழகான வட்டம். ஒரகடம் தாண்டி சிங்கப்பெருமாள் கோயில், அங்கிருந்து செங்கல்பட்டு. கொளவாய் ஏரியில் வெளிச்சம் விழுகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். பிறகு திருக்கழுக்குன்றம் ரோடு. ரெண்டு பக்கமும் குன்று, புதர்க்காடு, நடுநடுவே வயல். ஒரு தடவை காரில் பின்னாலேயே போய், திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் நானும் ஒரு சைக்கிளை வாங்கி மிதித்தேன். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். காரில் நூறு தடவை போன அதே ரோடுதான். ஆனால் நெல் வாசனை வருகிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது! மலைக்கோயிலுக்கு உச்சிவேளையில் கழுகு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும் என்று என் பாட்டி கதை கதையாய்ச் சொல்வாள். பல வருஷமாகக் கழுகுகள் வருவதில்லை. ஆனாலும் அண்ணாந்து பார்க்காமல் அந்த ஊரைக் கடக்க முடியவில்லை.

மாமல்லபுரத்தில் இட்லி, காபி. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் வலது பக்கம் சவுக்குத் தோப்புக்கு நடுவே கடல் எட்டி எட்டிப் பார்க்கும். வடநெம்மேலி முதலைப் பண்ணை, கோவளம், அங்கிருந்து கழிமுகத்து நீரைக் கடந்து கேளம்பாக்கம். சீசனில் அந்தத் தண்ணீரில் பறவைகள் ஒற்றைக் காலில் தவம் செய்யும். பக்கத்திலேயே உப்பளங்கள். பிறகு வண்டலூர், படப்பை, ஒரகடம், வீடு.

இந்த வட்டத்தை யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரர்கள். வெயில் காலத்தில் விடியற்காலையில் தரையிலிருந்து கடலைப் பார்த்து லேசாகக் காற்று வீசும். மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து தரைக்கு வீசும். பள்ளிக்கூடத்தில் படித்த தரைக்காற்று, கடற்காற்று சமாச்சாரம்தான். ஆகவே போகும்போதும் முதுகில் தள்ளும், கடற்காற்று சீக்கிரமே கிளம்பிவிட்டால் வரும்போதும் முதுகில் தள்ளும். (ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு இந்தக் கணக்கெல்லாம் பலிக்காது. கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் மிதித்துவிட்டு வந்து அவர் போட்ட முனகல் தெருவுக்கே கேட்டது!)

உடம்புக்கும் நல்லதுதான். ஓடும்போது முழு உடம்பு எடையும் முட்டியில் இறங்குகிறது. சைக்கிளில் பெரும்பகுதியை சீட் தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் லேசான முட்டிவலிக்காரர்களுக்கு டாக்டர்களே சைக்கிளைச் சொல்கிறார்கள். ஆனால் சீட் உயரம் சரியாக இருக்கவேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முட்டியில் கொஞ்சமே மடிப்பு இருக்கலாம். சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு, 'சைக்கிள் விட்டதால் முட்டி போச்சு' என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

இந்த வட்டத்தைப் போய்ப் பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால், சின்னதாக நாலு வார்த்தை. நாற்பது தாண்டியவர்கள், பி.பி., ஷுகர் இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சில வகை ஷுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நீண்ட தூரம் மிதிக்கையில் ஷுகர் திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, தலை கிறுகிறுப்பு வந்தால் உடனே இறங்கி இனிப்பைச் சாப்பிடவேண்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிக்காமல் உப்புப் போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ் என்று சேர்த்துக்கொள்வது நல்லது. நெஞ்சில் இறுக்கம் என்றால் 'இன்னும் பத்து கிலோமீட்டர்தானே' என்கிற வீராப்பே கூடாது. சித்திரை, வைகாசியில் முழு வட்டமே வேண்டாம். பாதி தூரம் போய்விட்டு ஒன்பது மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் உனக்கு என்னம்மா குறை என்கிறீர்களா?

திங்கட்கிழமைதான் குறை.

திங்கட்கிழமை காலை இதே மனுஷர் தெருமுனைக் கடையில் பால் வாங்க பைக்கை உதைக்கிறார். ஆபீசுக்குக் கார். எங்கள் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் மூன்றே கிலோமீட்டர். போன ஜூன் மாசம் அவள் கேட்டாள்: "அப்பா, நீங்க மட்டும் மகாபலிபுரம் வரைக்கும் போறீங்க. நான் ஸ்கூலுக்கு சைக்கிள்ல போகக் கூடாதா?"

"அதெல்லாம் வேணாம்மா. லாரி வர்ற ரோடு."

நான் சும்மா இருக்கவில்லை. "ஏங்க, நீங்க போறதும் அதே ரோடுதானே?"

"நான் விடியக்காலையில, ஞாயித்துக்கிழமையில போறேன். அவ எட்டரை மணிக்குப் போகணும். ரெண்டும் ஒண்ணா?"

அவர் சொன்னது பொய்யில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர் வழியாக எது போகவில்லை? புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிக்கொண்டு போகிற ட்ரெய்லர், கன்டெய்னர், ஷிஃப்ட் பஸ், தண்ணீர் லாரி. ரோட்டை அகலமாக்கினார்கள், சந்தோஷம். அகலமான ரோட்டில் வேகமும் கூடியது. ஓரமாவது சைக்கிளுக்குக் கிடைத்ததா என்றால், அங்கே லாரிகள் வரிசையாக நிற்கின்றன. நிற்கிற லாரியைச் சுற்றிக்கொண்டு, ஓடுகிற லாரியின் முன்னால்தான் சைக்கிள்காரர் போயாகவேண்டும். நீளமான ட்ரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது, அதன் இடது பக்கத்தில் ஒட்டி நிற்கிற சைக்கிள் டிரைவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடலாம். பின் சக்கரங்களும் முன் சக்கரங்கள் போன தடத்தில் போகாமல் உள்வாங்கித்தான் திரும்பும். இது எத்தனை பதினாலு வயசுக் குழந்தைக்குத் தெரியும்?

ஆகவே எங்கள் பெண் வேனில் போகிறாள். சாயந்திரம் வந்து டி.வி. பார்க்கிறாள். நானும் அவரும் 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையவே மாட்டேங்குது' என்று அங்கலாய்க்கிறோம்!

என் அபிப்பிராயம் இதுதான். ஆரோக்கியத்துக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமையின் 120 கிலோமீட்டர் இல்லை. திங்கட்கிழமையின் மூன்று கிலோமீட்டர். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. குழந்தைகளுக்கோ தினமும் சராசரியாக ஒரு மணி நேரம்! போக மூன்று, வர மூன்று என்று பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனால் அதில் பாதி தன்னால் முடிந்துவிடும். ஜிம் வேண்டாம், பீஸ் வேண்டாம். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பக்கம் முப்பதாயிரம் பேரைப் பல வருஷம் கவனித்து 2000-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். வேலைக்கு சைக்கிளில் போகாதவர்களிடம் மரண விகிதம், போகிறவர்களைவிட 39 சதவீதம் அதிகமாக இருந்ததாம். 'வேலைக்கு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பந்தயத்துக்கு இல்லை, பிக்னிக்குக்கு இல்லை.

இதொன்றும் நமக்குப் புதுசும் இல்லை. வாடகை சைக்கிள் கடையில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து, கால் எட்டாமல் குரங்குப் பெடல் போட்டு, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு கற்றவர்கள்தானே நாம்? புதுக்கோட்டை நினைவிருக்கிறதா? அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், படிப்போடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் கிராமத்துப் பெண்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் போகிறது, ஜென்ட்ஸ் சைக்கிளே கொடு என்று ஏறிக்கொண்டவர்கள் அவர்கள்! பம்பு செட்டுக்கும் கல் குவாரிக்கும், தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் சைக்கிள் உதவியது. உடம்பு இளைக்க யாரும் ஏறவில்லை.

அப்புறம் அரசாங்கமே சைக்கிள் கொடுத்தது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த திட்டம், 2005-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிந்தது. எங்கள் பக்கத்திலும் அந்த சைக்கிள்களில் ரெட்டைப் பின்னல் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வேன் கிடையாது. ஷிஃப்ட் முடிந்து கேரியரில் டிபன் பாக்ஸோடு வருகிற ஆட்களுக்கும் வேறு வழி கிடையாது. நாம் பயந்துபோய்ப் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டோம். அவர்கள் அதே பயத்தோடு மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். சைக்கிளைக் கொடுத்தவர்கள், அதை விட ஒரு ஓரத்தையும் கொடுத்திருக்க வேண்டாமா?

'அதெல்லாம் ஃபாரின்ல நடக்கும்' என்பீர்கள். ஃபாரினில் எப்படி நடந்தது தெரியுமா? நெதர்லாந்திலும் ஒரு காலத்தில் கார் கூட்டம் சைக்கிளை ஓரங்கட்டியிருந்தது. 1971-ல் மட்டும் ரோடு விபத்துகளில் மூவாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அதில் நானூறுக்கும் அதிகமானோர் குழந்தைகள். மகளை இழந்த ஒரு பத்திரிகையாளர், 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று எழுதினார். அதே பெயரில் இயக்கம் கிளம்பியது. அப்பா, அம்மாக்கள் பிள்ளைகளோடு நடுரோட்டில் இறங்கினார்கள். இன்றைக்கு நாம் போட்டோவில் பார்த்துப் பெருமூச்சு விடுகிற அந்தச் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தப் பெற்றோர்களும் இருக்கிறார்கள்.

நம்மிடம் சட்டதிட்டம் இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது! இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்கிற எஞ்சினியர்கள் அமைப்பு 1962-லேயே சைக்கிள் பாதைக்கு விதிமுறை எழுதி வைத்திருக்கிறது. மணிக்கு 200-க்கு மேல் மோட்டார் வண்டிகள் ஓடுகிற ரோட்டில், நெருக்கடி நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள் வந்தாலே தனிப் பாதை போடுவது நியாயம் என்று அது சொன்னது. எங்கள் ரோட்டில் 200 வண்டிகள் கடக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? சைக்கிள்களைத்தான் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க குரூப்ல நாலு பேர் எஞ்சினியர்" என்றார். அவர்கள் எழுதிக் கொடுத்தால் நெடுஞ்சாலைத் துறைக்காரர்களும் கொஞ்சம் காது கொடுப்பார்கள் என்பது அவர் எண்ணம். எனக்கும் சரியென்றுதான் படுகிறது. தனிப் பாதை வரும்வரை, ஓரத்தில் லாரி நிற்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அதற்குச் சிமென்ட்டும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். பள்ளிக்கூடம் விடுகிற அரை மணி நேரத்துக்கு ஒரு போலீஸ்காரரைக் கேட்கலாம். தொழிற்சாலைகள் சைக்கிளில் வருகிறவர்களுக்கு கேட் பக்கத்திலேயே நிழலாக ஒரு ஸ்டாண்ட் போடலாம்.

அதற்கெல்லாம் முன்னால் கணக்கு வேண்டும். வருகிற திங்கட்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பது வரை, கோயில் ரோடு பிரிகிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நானும் என் பெண்ணும் உட்காரப் போகிறோம். அவள் கையில் நோட்டு. அவள் சைக்கிளை எண்ணுவாள், நான் லாரியை. ஞாயிற்றுக்கிழமை 120 கிலோமீட்டர் மிதித்த அலுப்பு தீர்ந்திருந்தால், அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.