வால் எண்ணை மறைக்கும் வைத்தியம்

லினக்ஸில் ஒரு நிரலைக் கம்பைல் செய்யும்போதோ ஓட்டும்போதோ லைப்ரரி கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், பலரின் கை இரண்டு வைத்தியங்களைத் தேடிப் போகிறது. கேட்கப்படும் பழைய பெயரில் புதிய கோப்புக்கு ஒரு சிம்லிங்க் போடுவது ஒன்று. எல்டி லைப்ரரி பாத் என்ற மாறியில் ஏதோ ஒரு ஃபோல்டரைச் சேர்த்து, ஷெல்லின் தொடக்கக் கோப்பிலேயே எழுதிவைத்துவிடுவது மற்றொன்று. கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டால் கோளாறு தீர்ந்தது என்ற நம்பிக்கை இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. ஆனால் பல நேரம் கோப்பு கண்ணெதிரேதான் கிடக்கிறது. நிரலுக்கும் லைப்ரரிக்கும் இருந்த உடன்பாடுதான் முறிந்திருக்கிறது.

லைப்ரரிப் பெயரின் வாலில் வரும் எண் அந்த உடன்பாட்டின் அடையாளம். பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் அந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பது மரபு. படக்கோப்புகளைக் கையாளும் லிப்ஜேபெக்கின் 6பி பதிப்புக்கு வால் எண் 62, எட்டாம் பதிப்புக்கு 8. எட்டை 62 என்று பெயர் மாற்றி நீட்டினால், லைப்ரரிகளை ஏற்றும் லோடர் ஏமாந்துவிடும், லைப்ரரி ஏமாறாது: நிரல் எதிர்பார்ப்பது 62, இங்கே இருப்பது 80 (எட்டாம் பதிப்பு தனக்குள் குறித்திருக்கும் எண்) என்று சொல்லிப் படத்தைத் திறக்கும் முன்பே நின்றுவிடும். 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3ஐ 1.1 என்று காட்டினால், ஃபங்ஷன்களின் மேல் குறிக்கப்பட்ட பதிப்பைப் பார்த்து லோடரே மறுத்துவிடும். இவை நல்ல தோல்விகள். இத்தகைய காவல் இல்லாத லைப்ரரிகளும் ஏராளம். அங்கே ஒரு ஸ்ட்ரக்சரின் நடுவில் புதிய புலம் நுழைந்திருந்தால், நிரல் தவறான இடத்திலிருந்து தவறான எண்ணைப் படித்துக்கொண்டு ஓடும்; பிழைச் செய்தி எதுவும் வராது. "அதான் ஓடுகிறதே" என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தேவைப்படும்போது மட்டும் ஃபங்ஷனைத் தேடும் முறையில் இணைத்த நிரலில், இல்லாத ஒரு ஃபங்ஷன் முதன்முறை அழைக்கப்படும் நாள்வரை எல்லாம் சரியாகவே தெரியும்.

பில்டு நேரத்துச் சிக்கல் இன்னும் மோசமானது. நிரல் ஒரு லைப்ரரியின் இரண்டாம் பதிப்பை நேரடியாகக் கேட்கிறது. அந்த நிரல் கேட்கும் வேறொரு லைப்ரரி, அதே லைப்ரரியின் முதல் பதிப்பைக் கேட்கிறது. இவை மோதக்கூடும் என்று லிங்கர் எச்சரிக்கும், பில்டு முடிந்துவிடும், எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? ஓடும்போது இரண்டும் ஒரே நினைவகத்தில் ஏறுகின்றன. ஃபங்ஷன்களில் பதிப்புக் குறி இல்லையென்றால், ஒரு பெயருக்கு வரிசையில் முதலில் கிடைத்ததே எல்லோருக்கும். அப்போது முதல் பதிப்பை நம்பி எழுதிய அழைப்பு இரண்டாம் பதிப்பின் கோடில் போய் விழும். எல்டி லைப்ரரி பாத் புரட்டுவதோ லைப்ரரிக் கோப்புகளைத் தேடும் ஃபோல்டர்களின் வரிசையை. தொடக்கக் கோப்பில் இருந்தால் அந்த ஷெல்லிலிருந்து ஓடும் கிட்டும் சிமேக்கும்கூட அதற்குத் தப்பாது.

சோர்ஸ் கையில் இல்லாத பழைய நிரலை என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. வால் எண் இருப்பதே பழையதும் புதியதும் ஒரே கணினியில் அருகருகே வாழத்தான். உண்மையான பழைய லைப்ரரியைத் தனி ஃபோல்டரில் வைத்து, அந்த ஒரு நிரலுக்கு மட்டும் பேட்ச்எல்ஃப் என்ற கருவி கொண்டு லைப்ரரி தேடும் பாதையை எழுதலாம். நிரலைக் கன்டெய்னரில் அடைத்தால் அது வேலியைப் போடும், அவ்வளவுதான். வேலிக்குள் கலப்படம் இருந்தால் அதை அப்படியே பாதுகாக்கும். சோர்ஸ் இருந்தால் வேலை இன்னும் எளிது: லிங்கரின் அந்த எச்சரிக்கை வரியிலேயே, மறுபடி கம்பைல் செய்ய வேண்டிய லைப்ரரியின் பெயர் இருக்கிறது.