பாசிக்கு யார் சாப்பாடு போடுவது?

கதிர்காமத்தில் என் பக்கத்து வீட்டு இளைஞர் தன் தொட்டியில் மீன் இருப்பதாகச் சொல்கிறார். நம்பத்தான் வேண்டியிருக்கிறது. கண்ணாடி முழுக்கப் பாசி!

"சார், பாசி திங்கிற சக்கர் மீன் ஒண்ணு வாங்கி விடட்டுமா?" என்றார்.

"வேணாம் தம்பி" என்றேன்.

பாசி கேட்பது இரண்டுதான்: வெளிச்சம், உரம். ஜன்னல் வெயில் முதலாவது. மீன் மிச்சம் வைத்த தீனியும் அதன் கழிவும் இரண்டாவது. ஆகவே தொட்டியை ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். விளக்கு தினம் 6 முதல் 8 மணி நேரம் போதும். தீனி, இரண்டு நிமிஷத்தில் தீர்கிற அளவு. வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மொத்தத்தையும் கொட்டிக் கழுவினால், கழிவைச் சரிக்கட்டும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். கண்ணாடியைச் சுரண்டப் பழைய ஏ.டி.எம். கார்டு உண்டு.

சக்கர் மீன் தென் அமெரிக்க விருந்தாளி. விரல் நீளத்தில் வருவார், ஒன்றரை அடி வரை வளர்வார். பாசியைத் தின்று அவர் போடும் கழிவு, மறுபடி பாசிக்கே உரம்! வீட்டில் இடம் பற்றாமல், பாவம் பார்த்து ஏரியில் விடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அவர் அப்படிப் பெருகித்தான் நாட்டு மீன்களோடு போட்டி போடுகிறார், முள்ளால் வலையைக் கிழிக்கிறார்.

தொட்டியைக் கழுவிவிடலாம். ஊசுட்டேரியை யார் கழுவுவது?