சொல்லும் சுருதியும்

எங்கள் சங்கீத வகுப்புக்காக நெல்லியடிக் கடையொன்றில் மின்சுருதிப்பெட்டி வாங்கினோம். ஒரு மாதத்துக்குள் சுருதி தளம்பலாயிற்று. ஓராண்டு உத்தரவாதம் எழுதித் தந்த கடைக்காரரோ, பழுது உற்பத்தியாளருடையது; தமக்குப் பொறுப்பில்லையென்றார்.

வாங்கியவனுக்கு விற்றவன் கொடுத்த வாக்கே உத்தரவாதம், அது தயவன்று. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள்பற்றி, வாங்கி மூன்று மாதத்துள் எழுத்தில் முறைப்பாடு செய்ய, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இடமளிக்கின்றது. உற்பத்தியாளரேயன்றி வணிகரும் அதற்கு விடையிறுக்க வேண்டியவரே. பற்றுச்சீட்டைக் காட்டி இதனை எடுத்துரைத்தேன். வேறு பெட்டி கிடைத்தது.

இவ்வாறு கேட்பது பண்பன்றென நம்மவர் பலர் வாளாவிருப்பர். பொருளின் குறையைப் பொறுக்கலாம். சொல்லின் குறையைப் பொறுத்தல் தகுமா? வாய்மை கற்பிக்கும் நாம், பிறர் தந்த வாக்கைக் கேட்டுப் பெறுதலையும் மாணாக்கர்க்குக் கற்பிப்போமாக.