பாக்குத்தானே என்று இருக்காதீர்கள்!

செஞ்சிக் கோட்டையைப் பார்த்து, மேல்மலையனூர் அங்காளம்மனையும் தரிசித்துவிட்டு வரும் பட்டணத்துச் சகோதரிகள் பலருக்கு, பக்கத்திலுள்ள அவலூர்பேட்டையைத் தெரிந்திருக்கும். அந்த ஊர் வாரச் சந்தை சுற்று வட்டாரத்தில் பிரசித்தம். சந்தையில் ஆடு வாங்குகிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், அப்புறம்தான் விலை. ஆட்டின் வாய்க்கு இத்தனை மரியாதை! நம் வீட்டுப் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி நாம் பார்த்து எத்தனை நாளாயிற்று?

காரணத்தோடுதான் கேட்கிறேன். சந்தைக் கடையானாலும் சரி, சென்னையில் காலேஜுக்குப் போகும் வழியிலுள்ள பெட்டிக் கடையானாலும் சரி, வாசனைப் பாக்குப் பொட்டலங்கள் சரம் சரமாய்த் தொங்குகின்றன. பள்ளிக்கூடப் பையனின் சட்டைப் பையிலும் அவை இடம் பிடித்துவிடுகின்றன. "பாக்குத்தானே அம்மா! புகையிலையா போடுகிறேன்?" என்பான். நமக்கும் அது நியாயமாகவே படும்.

ஆனால் நியாயம் அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்று நோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்று நோய் உண்டாக்கும் பொருள்தான் என்று 2004ல் அறிவித்துவிட்டது. ஓயாமல் பாக்கு மென்றால் கன்னத்தின் உட்புறத்து மெல்லிய தசை நாராக இறுகிப் போகிறது. முதலில் காரம் பட்டால் வாய் எரியும். ரசம் சாதம்கூட உறைக்கும். பிறகு வாய் சரியாகத் திறக்காது. இது கிழவர்களுக்கு வரும் வியாதி என்று எண்ண வேண்டாம். இருபது வயதுப் பிள்ளைகளுக்கும் வருகிறது. சிலருக்கு அதுவே பின்னால் புற்று நோயாகிறது.

"எங்கள் பாட்டி எண்பது வயது வரை வெற்றிலை பாக்குப் போட்டாளே!" என்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு மவுண்ட் ரோடைக் கடந்தவர்களிலும் ஒருவர் பத்திரமாக அக்கரை சேரலாம். அதற்காகப் பேரனையும் அப்படிக் கடக்கச் சொல்வோமா? கல்யாணத் தாம்பூலம் மங்கலமாக இருக்கட்டும், வாங்கி வைத்துக்கொள்ளலாம். மெல்லுவதற்குச் சோம்பும் கல்கண்டும் போதாதா?

பாக்கோடு முடியவில்லை. பீடி, சிகரெட், மது மூன்றும் இதே ஜாபிதாவில் இருப்பவை. வீட்டுக்குள் அப்பா விடும் புகை, பிள்ளைகளின் மார்பிலும்தான் போய்த் தங்குகிறது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பருமனான உடம்பும் மார்பு, கருப்பை, பெருங்குடல் புற்று நோய்களுக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே பொரித்த பண்டத்தைக் குறைத்து, கீரை, அவரை, கேழ்வரகு, கொய்யாப் பழம் என்று வாங்குங்கள். வளரும் பிள்ளைகள் தினம் ஒரு மணி நேரமாவது ஓடி ஆட வேண்டும். பெண் குழந்தைகளுக்கும் இதே கணக்குத்தான். காப்பிப் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: நாக்குப் பொசுங்கும் சூட்டில் எதையும் குடிக்காதீர்கள். அந்தச் சூடு உணவுக் குழாய்க்கு ஆகாது. ஆற்றிக் குடிக்கத்தானே டபரா!

பெண்ணைப் பெற்றவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்று நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஹெச்.பி.வி. என்னும் கிருமி. 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் அதற்கான தடுப்பூசி போடுவது மிகவும் நல்லது. 2023ல் நம் நாட்டிலேயே தயாரான ஊசியும் வந்துவிட்டது. டாக்டரைக் கேளுங்கள். முப்பது வயது தாண்டிய தாய்மார்கள் தாங்களும் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இத்தனையும் செய்தால் நோய் வரவே வராது என்று யாரும் பத்திரம் எழுதித் தர முடியாது. நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கும் வருவதுண்டு; அவர்களை ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. ஆனால் வரும் வழிகளில் பலவற்றை அடைத்துவிடலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923ல் தம் தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை மனத்திலேயே சுமந்து, முப்பத்தோரு வருஷம் கழித்து, 1954 ஜூன் 18ந் தேதி அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் திறந்தார். மறு வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021ல் கண் மூடும் வரை அதற்காகவே உழைத்தார். நோய் வந்தவர்களுக்காக அந்த இரண்டு பெண்மணிகள் ஆயுளையே கொடுத்தார்கள். நம்மிடம் கேட்கப்படுவது ஐந்து நிமிஷம்.

இன்றிரவு சாப்பாடு ஆனதும் பிள்ளையைக் கூப்பிடுங்கள். தன் விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். தாராளமாக நுழைந்தால் சரி. நுழையாவிட்டாலோ, வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தாலோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தாலோ, கோபிக்காதீர்கள். கோபித்தால் அடுத்த தடவை வாயைத் திறக்கவே மாட்டான். மறுநாள் காலையில் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.