எனக்கு மூன்று ஓட்டு, தம்பிக்கு ஒன்று



நவம்பர் 1 எங்கள் குமரி மாவட்டத்துக்கு விடுமுறை நாள். 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழகத்தோடு நாங்கள் சேர்ந்த நாள். அந்த இணைப்புக்குப் போராடிய மார்ஷல் நேசமணியின் சிலைக்கு மாலை போட எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். சரியாக முப்பது ஆண்டு கழித்து, 1986-இல் அதே நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டின் சட்ட மேலவை இல்லாமல் போனது. அதை யாரும் நினைப்பதில்லை. நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. அன்றோடு எனக்கிருந்த மூன்று ஓட்டில் இரண்டு போயிற்று.

1975-இல் பட்டம் வாங்கி, 1977-இல் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரானவன் நான். அரசமைப்புச் சட்டத்தின் 171-ஆவது பிரிவுப்படி மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகளும், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களும் தேர்ந்தெடுக்கலாம். ஆக, எல்லாரையும்போல சட்டமன்றத்துக்கு ஒரு ஓட்டு, பட்டதாரி என்று ஒன்று, ஆசிரியன் என்று ஒன்று. அந்த நாளில் மேலவை வேட்பாளர்கள் பள்ளி ஓய்வறைக்கே வந்து எங்களைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மறைக்கவில்லை.

என் தம்பி கடலுக்குப் போகிறவன். கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் வைத்துக் கணியம் பார்த்து, தண்ணீருக்கடியில் பாறைத்திட்டாகிய பார் கிடக்கும் இடத்தைச் சொல்லிவிடுவான். அதற்குப் பட்டம் தர எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. அதனால் அவனுக்கு ஒரே ஓட்டு.

இப்போது இதை எழுதக் காரணம், 2026 சட்டமன்றத் தேர்தல். அறிக்கை எழுதக் கட்சிகள் உட்காரும் நேரம். மேலவையை மீட்போம் என்று 2021-இல் தி.மு.க. எழுதியது; நான்கரை ஆண்டாகியும் தீர்மானம்கூட வரவில்லை. அதற்கு முன்பு நடந்தது அதைவிட வேடிக்கை. 1989, 1996, 2010 என மூன்று தடவை தி.மு.க. ஆட்சியில் மேலவை வேண்டும் என்று தீர்மானம். 1991, 2001, 2011 என மூன்று தடவை அ.தி.மு.க. ஆட்சியில் வேண்டாம் என்று தீர்மானம். மூடிய கதையும் பெருமைக்குரியதல்ல. ஒரு நடிகையை நியமிக்கும் முயற்சி திவால் சட்டத்தில் இடறியது. அந்தச் சூட்டிலேயே 1986 மே 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு மேலவையே வேண்டாம் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது. ம.பொ.சி. தலைவராக இருந்த சபை அது. ராஜாஜி 1952-இல் முதல்வரானது அந்தச் சபை வழியாகத்தான். 1967-இல் அண்ணாவும் அப்படியே.

2010-இல் ஏறக்குறைய தேர்தலே வந்துவிட்டது. ஏப்ரல் 12-இல் சட்டமன்றத் தீர்மானம், மே முதல் வாரத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரண்டு அவையிலும் சட்டம். மொத்தம் 78 இடம் என்று கணக்குப் போட்டார்கள்: சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க 26, உள்ளாட்சிகளுக்கு 26, பட்டதாரிகளுக்கு 7, ஆசிரியர்களுக்கு 7, நியமனம் 12. நானும் சான்றிதழ் நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு படிவம் 18-ஐயும் 19-ஐயும் நிரப்பிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, தீர்மானம் ரத்தானது. ஒரு ஓட்டுகூடப் பதிவாகாத அந்தத் தேர்தலின் முடிவு இதுதான்.

படிவம் நிரப்பிய அன்று ராத்திரி தம்பி வலை பொத்திக்கொண்டிருந்தான். விவரம் சொன்னேன். தலை நிமிராமலே கேட்டான்: "அப்போ எனக்க மத்த ரெண்டு ஓட்டு எங்க அண்ணே?"

பதினைந்து வருடமாக என்னிடம் பதில் இல்லை. உள்ளாட்சி வழியாக உனக்கும் பங்கு உண்டே, மேலவையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சி உறுப்பினர்கள் கையில்தானே என்று சமாளித்துப் பார்த்தேன். அந்த உள்ளாட்சி எங்கே இருக்கிறது? 2019 டிசம்பரில் நாங்கள் தேர்ந்தெடுத்த ஒன்றிய, மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அதன்பின் தனி அலுவலர் ஆட்சி. இதற்கு முன்பும் 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் இதே கதி. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது, கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று போய்ச் சொல்லக் கடற்கரை ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பஞ்சாயத்துத் தலைவர்கூடக் கிடையாது. கீழே இருக்கிற சபையை ஆண்டுக்கணக்கில் பூட்டிப் போட்டுவிட்டு, மேலே ஒரு சபை கட்டுகிறோம் என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டமன்றத்தை நிதானப்படுத்த இரண்டாவது அவை வேண்டும் என்பார்கள். நிதானத்தை மகாராஷ்டிரத்தில் பார்த்தோம். 2022 ஜூன் 20-இல் பத்து மேலவை இடங்களுக்கு எம்.எல்.ஏ.க்கள் ரகசிய ஓட்டுப் போட்டார்கள். ஐந்து பேரை நிறுத்திய பா.ஜ.க. ஐந்திலும் வென்றது, ஆளும் கூட்டணியின் ஓட்டுகள் கட்சி மாறி விழுந்திருந்தன. அன்று இரவே ஏக்நாத் ஷிண்டே சில எம்.எல்.ஏ.க்களோடு சூரத்துக்குப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் உத்தவ் தாக்கரே ராஜினாமா. மாநிலங்களவைத் தேர்தலிலாவது எம்.எல்.ஏ. தன் ஓட்டைக் கட்சியின் முகவரிடம் காட்ட வேண்டும். மேலவைக்கு அதுவும் இல்லை.

ஆனாலும் மேலவையே கூடாது என்பது என் கட்சியல்ல. 2016-இல் எங்கள் இனயத்தில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் தந்தபோது, தெருவில் இறங்கித்தான் எங்களால் பேச முடிந்தது. கிள்ளியூர் தொகுதிக்குள் கடற்கரை ஒரு ஓரம். ஓட்டுக் கணக்கிலும் ஓரம்தான். சபையில் பேசக் கடல் தெரிந்த ஒருவர் தேவை. அதற்கு ஒரு வாசலும் இருக்கிறது. ஆளுநர் நியமிக்கும் ஆறில் ஒரு பங்குக்கு இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவையோடு கூட்டுறவு இயக்கத்தையும் 171-ஆவது பிரிவு சேர்த்திருக்கிறது. மாநிலங்களவை நியமனத்தில்கூட அந்தச் சொல் கிடையாது. கடற்கரை முழுக்க மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. மேலவை பற்றிப் பேசுகிற கட்சிகள் அந்த வாசலை யாருக்குத் திறப்போம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. தேர்தலில் தோற்றவர்களுக்கா, சினிமாக்காரர்களுக்கா?

ஆகவே இந்த முறை அறிக்கையில் மேலவையை எழுதுகிறவர்கள், முதலில் ஊராட்சித் தேர்தலுக்குத் தேதி எழுதட்டும். அடுத்து, நியமன இடங்களில் எத்தனை கடலோரத்துக்கு என்று எழுதட்டும். பட்டதாரிக்குத் தனி ஓட்டு ஏன், மீன்பிடிக்கிறவனுக்கு ஏன் இல்லை என்பதற்கும் ஒரு வரி வேண்டும். தம்பிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. பத்திரிகையில் அந்த வரி வந்தால் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
இனயம், குமரி மாவட்டம்.
3 நவம்பர் 2025