எதிர்மறை நிற்கும் இடம்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் தமிழ்வழியில் பயின்று கல்லூரி புகும் மாணவர் சிலர், ‘அவன் வரவில்லை’ என்பதை ‘ஹி நாட் கேம்’ என்றுரைத்து நகைப்புக்கு ஆளாவதை நாம் காண்கிறோம். இதனை அறிவின்மை என்பது பொருந்தாது.

‘வர இயலாது’ என்பதில் ‘வர’ என்னும் வினை முன்னும், ‘இயல்’ என்னும் துணைவினை அடுத்தும், ‘ஆ’ என்னும் எதிர்மறை இடைநிலை அதன்பின்னும் அமைகின்றன. ஆங்கிலத்திலோ ‘கேன்’ என்னும் துணைவினை முதலிலும், ‘நாட்’ அடுத்தும், ‘கம்’ என்னும் வினை இறுதியிலும் நிற்கும். வேறு துணைவினை இல்லாவிடத்து ‘டூ’ புகுந்து காலத்தையும் தானே ஏற்கும். ஆதலின் ‘டிட் நாட் கம்’ என்பதே மரபு.

நம் ‘வரவில்லை’யில் காலம் காட்டும் துணைவினை இல்லை. எனவே மாணவர் அதனைத் தேடுவதில்லை. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலேயரும் ‘அறியேன்’ என்பதற்கு, ‘டூ’ இன்றி, ‘ஐ நோ நாட்’ என வழங்கியதுண்டு.

தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இவ்விரு அமைப்புகளையும் ஒரே கரும்பலகையில் அருகருகே எழுதி விளக்குவாராயின் பிழை குறையும்; மாணவர்தம் கூச்சமும் அகலும். இப்பணியைத் தமிழ்த்துறையே முன்னின்று தொடங்குதல் வேண்டும் என்பது எம் விழைவு.